மலையக வீட்டில் சொந்தப் படக்கிடங்கு: இமிச், நெக்ஸ்ட்கிளவுட், சிங்திங்

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபி. ஐபோனில் 4கே, 30 பிரேமில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி பிடிக்கும். தேர்த் திருவிழாவை ஒன்றரை மணி நேரம் எடுத்தாலே 15 ஜிபி தீர்ந்துவிடும். மாதாமாதம் பணம் கட்டாமல் வீட்டிலேயே கிடங்கு வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது வீட்டுக் கணினியில் ஓடும் இமிச், நெக்ஸ்ட்கிளவுட், சிங்திங் ஆகிய மூன்றில் எந்த ஆப் நல்லது என்றுதான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருப்பவர் அதற்கு முன்பே யோசிக்க வேண்டியது கரண்ட் வெட்டையும் இடியையும் மண்சரிவையும். ஆப்பைத் தெரிவு செய்வதும் அதிலிருந்தே வரட்டும்.

படம் மட்டுமல்ல, பத்திரமும் இதில் சேர்த்தி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தார் அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டபோது, தோட்டத்து மக்களில் மிகப் பலரிடம் காட்ட ஒரு தாள் இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இபிஎஃப் கடதாசி, காணி உறுதி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பத்திரமாக வைப்பது நமக்கு வெறும் வசதி இல்லை.

மூன்றும் செய்வது ஒரே வேலை அல்ல

இமிச் படங்களுக்கென்றே கட்டப்பட்டது. போனில் ஆப்பைப் போட்டால் புதிய படங்கள் தானாக வீட்டுக்கு வந்து சேரும். திகதிவாரியாகப் பார்க்கலாம், முகத்தை வைத்துத் தேடலாம், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் தரலாம். 2025 அக்டோபரில் 2.0 வந்த பிறகே அதை நிலையான பதிப்பு என்று அதன் குழு அறிவித்தது. அதற்கு முன் புதுப்பித்தால் ஏதாவது உடையும் என்ற பயம் நியாயமானதே. முகத் தேடலோடு ஓட 8 ஜிபி ரேம் வைத்துக்கொள்வது நல்லது. 4 ஜிபிதான் உண்டு என்றால் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு ஓட்டலாம்.

நெக்ஸ்ட்கிளவுட் 2016இல் ஓன்கிளவுட் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. கோப்பு, நாட்காட்டி, தொடர்பு எண்கள், பகிரும் இணைப்பு என்று ஓர் அலுவலகமே உள்ளே இருக்கிறது. படங்களுக்கு மெமரீஸ் என்ற துணை ஆப் உண்டு, நன்றாகவே இருக்கிறது. ஆனால் சிறிய கணினியில் முன்தோற்றப் படங்களை உருவாக்க அது திணறும். பராமரிப்பு வேலையும் இதற்கே அதிகம். பிரதான பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது: இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு பதிப்பாக ஏறித்தான் வரவேண்டும். டியூஷன் வகுப்பு நடத்துபவர், சங்கத்துக் கணக்கு வைத்திருப்பவர் போல பலரோடு கோப்புப் பகிர வேண்டியவருக்கு இது பொருந்தும். வீட்டுப் படங்களுக்காக மட்டும் இதை நிறுவுவது தேவையில்லாத சுமை.

சிங்திங்குக்குச் சர்வரே கிடையாது. இரண்டு கருவிகளில் உள்ள ஒரு கோப்புறையை ஒன்றுபோல வைத்திருக்கும், அவ்வளவுதான். 1 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் ஓடும். தரவுத்தளம் சிதைந்தாலும் கோப்புகள் கோப்புகளாகவே இருக்கும், திரும்பக் கணக்கெடுத்துக்கொள்ளும். குறை இரண்டு. அதன் அதிகாரபூர்வ அன்ட்ரொயிட் ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது, இப்போது இருப்பது வேறொருவர் பராமரிக்கும் கிளையான சிங்திங் ஃபோர்க். ஐபோனில் வேறொருவர் செய்த மோபியஸ் சிங்க்தான் உண்டு; பின்னணியில் அது நம்பகமாக ஓடாது.

ஐபோன் உள்ள வீட்டுக்கு இமிச் என்றாலும் ஆப்பை இடையிடையே திறந்து வைக்க வேண்டியிருக்கும். அன்ட்ரொயிட்டில் மூன்று ஆப்புக்கும் ஒரே நோய்: பட்டரி சேமிப்பு அமைப்பு அவற்றைப் பின்னணியில் கொன்றுவிடும். பட்டரி அமைப்பில் அந்த ஆப்பைக் கட்டுப்பாடற்றது என்று மாற்றாவிட்டால், மூன்று வாரமாக ஒரு படமும் ஏறவில்லை என்பது போன் உடைந்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

அழித்தால் எங்கே போகும்?

அதிகம் பேர் சறுக்குவது சிங்திங்கில்தான். போனில் இடம் காலி செய்ய ஒரு படத்தை அழித்தால், அது வீட்டிலும் அழியும். பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கிறது. போனில் அனுப்ப மட்டும், வீட்டில் பெற மட்டும் என்று வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, அழித்தல் செய்தியும் அனுப்பப்படும் ஒன்றே. வீட்டுக் கணினியில் அந்தக் கோப்புறைக்குப் படிநிலைப் பதிப்பு முறையை (Staggered File Versioning) இயக்குங்கள். முதல் ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு பிரதியும், அதற்குப் பின் வாரத்துக்கொன்றும் என ஒரு வருடம்வரை வைத்திருக்கும்.

இமிச்சில் போனில் அழித்தாலும் வீட்டில் இருக்கும். வீட்டில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். நெக்ஸ்ட்கிளவுடிலும் குப்பைத்தொட்டி உண்டு.

இமிச்சில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இயல்பான அமைப்பில் படங்கள் புரியாத நீளப் பெயர்களில் சேமிக்கப்படும். நிறுவிய அன்றே சேமிப்பு வார்ப்புரு (Storage Template) என்ற அமைப்பை இயக்கி வருடம், மாதம் என்று கோப்புறை அமையும்படி செய்யுங்கள். பிற்காலத்தில் இமிச் இல்லாமலே படங்களைத் திறக்கவேண்டி வந்தால், 2019 சித்திரைப் புத்தாண்டு எங்கே என்று தேடிக் களைக்க வேண்டியதில்லை. ஆல்பம், முகப் பெயர் எல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதன் பிரதியை இமிச் தினமும் இரவு 2 மணிக்குத் தானே எடுத்து, கடைசி 14ஐ வைத்திருக்கும். ஆனால் அவையும் அதே டிஸ்கில்தான் இருக்கும்.

எந்தப் பெட்டியில்?

ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி, பழைய லப்டொப், பாவித்த மினி பிசி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலைநாட்டு வீட்டுக்கு லப்டொப்தான் முந்துகிறது. காரணம் அதன் பட்டரி. கரண்ட் வெட்டில் திடீரென நிற்பதுதான் கிடங்கைக் கெடுக்கிறது: கணினி எழுதிவிட்டதாக நினைத்தது டிஸ்கின் தற்காலிக நினைவிலேயே நின்றிருக்கும். மலிவான யூஎஸ்பி பெட்டிகளும் எஸ்டி கார்டுகளும் எழுதாததையும் எழுதியதாகச் சொல்லிவிடும். ராஸ்பெரி பையை எஸ்டி கார்டிலிருந்து ஓட்டினால் முதலில் சாவது அந்தக் கார்டு. பைதான் வேண்டுமென்றால் எஸ்எஸ்டியிலிருந்து துவக்குங்கள். பை 4இன் யூஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து தருவது 1.2 அம்பியர் மட்டுமே. இரண்டு ஹார்ட்டிஸ்க் ஒன்றாகச் சுழலத் தொடங்கினால் அது போதாமல் டிஸ்க் காணாமல் போகும். தனி மின்சாரம் உள்ள ஹப் தேவை.

மின்கட்டணத்தையும் பாருங்கள். எஸ்எஸ்டியோடு பை 5 வாட் என்றால் மாதம் 3.6 அலகு, மூடிவைத்த லப்டொப் 10 வாட் என்றால் 7.2 அலகு, பழைய டெஸ்க்டொப் 50 வாட் என்றால் 36 அலகு. 60 அலகைத் தாண்டினால் கட்டண வீதமும் நிலையான கட்டணமும் மாறுவதால், இப்போது 50 வரும் வீட்டுக்கு டெஸ்க்டொப் பெரிய இடி. 4ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள லப்டொப் தாராளம். மூடினால் உறங்கும் அமைப்பை அணையுங்கள். பட்டரி எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால் ஊதும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள், மாதம் ஒருமுறை அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மினி பிசியானால் பயோஸில் (கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) கரண்ட் வந்ததும் தானே இயங்கும் அமைப்பைப் போட்டு, ஒரு யூபிஎஸ்ஸும் வையுங்கள்.

டிஸ்கில் இன்னொரு பொறி. கடையில் வாங்கும் வெளி ஹார்ட்டிஸ்க் எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு வடிவத்தில் வரும். இமிச்சின் தரவுத்தளம் அதில் ஓடாது; உரிமை அனுமதிகளைக் காக்க எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவம் வேண்டும். அதைவிட மோசமானது: கரண்ட் வந்து கணினி எழும்போது டிஸ்க் இணையாமல் போனால், இமிச்சை ஓட்டும் மென்பொருளான டொக்கர் ஒன்றும் சொல்லாமல் வெற்றுக் கோப்புறைக்குள் புதிதாக எழுதத் தொடங்கும். படம் எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும். உள் டிஸ்க்கும் நிரம்பிவிடும். டிஸ்க் இணைந்த பிறகே டொக்கர் தொடங்கும்படி கட்டாயம் கட்டிவையுங்கள்.

இடியும் பனியும்

மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கடுமை. சிக்னல் பிடிக்கக் கூரையில் 4ஜி அன்டெனா வைத்து வயர் இறக்கியிருந்தால், அந்த வயர் வழியாக ரவுட்டருக்கும், லான் கேபிள் வழியாகக் கணினிக்கும் இடி வரும். பைபர் கண்ணாடி இழைதான், இடியைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் பவர் பிளக் செம்பு. இங்கேயும் லப்டொப் கைகொடுக்கிறது: வைஃபையில் இணைத்து, இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் அதில் ஒரு வயரும் இருக்காது, வேலையும் நிற்காது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஹார்ட்டிஸ்குகள் 3,000 மீட்டர் வரை ஓடும் என்பதால் உயரம் சிக்கல் இல்லை, ஈரமே சிக்கல். ஓடும் கணினி தன் சூட்டில் உலர்ந்தே இருக்கும். அலுமாரியில் வைக்கும் பிரதி டிஸ்க்கைத்தான் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் போடவேண்டும். குளிரிலிருந்து கொண்டுவந்ததும் ஓட்டாமல், ஒரு மணி நேரம் விட்டு ஓட்டுங்கள்.

வெளியிலிருந்து எட்டுவது

4ஜி ஹோம் புரோட்பேண்டில் பெரும்பாலும் வீட்டுக்கெனத் தனி இணைய முகவரி (ஐபி) கிடைக்காது. ரவுட்டரில் தெரியும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு நேரே கதவு திறக்க வழியில்லை. உங்கள் கருவிகளை ஒரு தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் மூன்று ஆப்பும் வேலைசெய்யும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வழியாக வீட்டுக் கணினியை எட்டவைக்கும் கிளவுட்ஃப்ளேர் டனலை இமிச்சுக்குப் பரிந்துரைக்க முடியாது: இலவசத் திட்டத்தில் ஒரு பதிவேற்றத்துக்கு 100 எம்பிதான் எல்லை, இமிச் கோப்பை முழுதாக அனுப்புவதால் பெரிய வீடியோ எல்லாம் தோற்கும். நெக்ஸ்ட்கிளவுட் துண்டாக்கி அனுப்பும், துண்டை 100 எம்பிக்குள் வைத்தால் கடந்துவிடும். சிங்திங் தன்வழியைத் தானே தேடிக்கொள்ளும். நேரடி வழி கிடைக்காவிட்டால் இடைநிலையம் வழியாக, மெதுவாக.

முதல் ஏற்றத்தை வீட்டு வைஃபையில் செய்யுங்கள். 200 ஜிபியை 10 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் அனுப்ப 44 மணி நேரம் ஆகும், டேட்டாவும் கரையும்.

இரண்டாம் வீடு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்ததைப் பார்த்த பிறகு, ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் வைப்பதைக் காப்புப் பிரதி என்று சொல்ல மனம் வராது. இரண்டாவது பிரதி வேறு மலையில், முடிந்தால் கொழும்பிலோ கண்டி நகரிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கவேண்டும். காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளான ரெஸ்டிக் இதற்குப் பொருத்தம்: பூட்டிய வடிவில் அனுப்பும், மாறியதை மட்டும் அனுப்பும், அந்த வீட்டார் படங்களைத் திறந்து பார்க்க முடியாது. முதல் பிரதியை டிஸ்கில் எழுதி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பின் டெயில்ஸ்கேல் வழியாக இரவில் சிறிது சிறிதாகப் போகட்டும். நாள் பிரதி 7, வாரப் பிரதி 4, மாதப் பிரதி 12 என்று வைத்தால் போதும்.

ஆக, போன் படங்களுக்கு இமிச், பத்திரங்களுக்கும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளுக்கும் சிங்திங், இரண்டும் ஒரே பழைய லப்டொப்பில். நாட்காட்டியும் பகிர்தலும் உண்மையாகவே தேவைப்பட்டால் மட்டும் நெக்ஸ்ட்கிளவுட்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டாம் வீட்டுப் பிரதியிலிருந்து 20 படங்களையும் ஒரு பத்திரத்தையும் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரண்டு வீட்டிலும் வையுங்கள்; அது தொலைந்தால் அந்த டிஸ்கைத் திறக்க வேறு வழி கிடையாது.