நாலு அங்குல மழைமானி: ஒரு ஐப்பசி, கார்த்திகை வைத்துப் பார்த்த பிறகு

மகன் ஆர்டர் போட்டு அனுப்பியது. 2,300 ரூபாய். பெட்டியைப் பிரித்ததும் "ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்கா இவ்வளவு காசு?" என்று போனிலேயே திட்டினேன். கம்பெனி பெயர் எழுதவில்லை, இதே அமைப்பில் நாலைந்து பேர் விற்கிறார்கள்.

எங்கள் வீடு நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், சரிவில். வீட்டுக்கு மேலே 12 சென்ட் தேயிலை, அதற்கும் மேலே இன்னொரு வீடு, பிறகு ரோடு. மழை பெய்தால் தூங்காத ஊர் எங்களுடையது.

மானியில் மூன்றே பாகம்: வெளிக்குழாய், புனல், உள்குழாய். புனலின் வாய் உள்குழாயைவிடப் பத்து மடங்கு பரப்பு. அதனால் 1 மி.மீ. மழை உள்ளே 1 செ.மீ. உயரம் நிற்கும், கண்ணாடி போடாமலே படிக்கலாம். உள்குழாய் 25 மி.மீ. பிடிக்கும். மிச்சம் வெளிக்குழாயில் வழியும். மொத்தம் 280 மி.மீ. வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்தது. இந்த மானி மூன்று முறை நிரம்பியிருக்கும்.

சோதனை வந்தது போன ஐப்பசியில். சாயங்காலம் பிடித்த மழை, விடியும்வரை ஒரே சீராக. காலை எட்டரைக்கு (வானிலைக்காரர்கள் கணக்கு எடுக்கிற நேரம் அதுதான்) ரெயின்கோட் போட்டுக்கொண்டு போனேன். உள்குழாய் தளும்பி நின்றது. அதைக் கொட்டிவிட்டு, வெளிக்குழாய்த் தண்ணீரை அதிலேயே ஊற்றி ஊற்றி எண்ணினேன். நாலு முறை நிரம்பி, ஐந்தாவதில் 12-இல் நின்றது. 137 மி.மீ.

எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். என் 12 சென்ட்டில் 100 மி.மீ. என்றாலே 48 ஆயிரம் லிட்டருக்கு மேல், நாலு தண்ணி லாரி. அவ்வளவையும் என் தலைக்கு மேல் சரிவில் யாரோ திறந்துவிட்ட மாதிரி. அன்றைக்கு லாரி ஐந்தரை.

ஆனால் அன்று ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. அடுத்த வாரம் வெறும் 60 மி.மீ. பெய்த காலையில் கீழ் ஓடைக்கரை இடிந்து தேயிலைச் செடிகளோடு இறங்கியது. நோட்டைப் புரட்டினால்தான் புரிந்தது: நடுவில் ஒரு நாள்கூட மழை விடவில்லை. மண் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருந்தது. எங்கள் மண் மேலே பொலபொலவென்று இருக்கும், அடியில் வழவழ களிமண். மேலே இறங்கிய தண்ணீர் களியில் முட்டி நிற்கும். துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பிடித்திருந்த மண் பிடியை விட்டுவிடும். ஆகவே அன்றைய அளவு மட்டும் போதாது, முந்தைய நாட்களையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். பெட்டிக்குள் வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

இன்னொரு அரை, புனலுக்கு. சில்வர் ஓக் இலை ஒன்று விழுந்தாலே அடைத்துக்கொள்கிறது. மரத்தைவிட்டுத் தள்ளி நடுங்கள். காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழையையும் இது முழுசாகப் பிடிக்காது, கொஞ்சம் குறைத்தே காட்டும்.

நானே கண்டுபிடித்த வசதி ஒன்று. பெருமழை வரும் என்று தெரிந்தால் புனலையும் உள்குழாயையும் கழற்றிவிடுவேன். வெளிக்குழாயில் நிற்கிற உயரமே அப்போது மழையளவு. அதில் 75, 100, 150 மி.மீ. உயரங்களில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்; ஜன்னலிலிருந்து டார்ச் அடித்தால் தெரியும். இந்த மூன்று எண்ணும் இலங்கை மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்காக 24 மணி நேர மழைக்கு வைத்திருப்பவை: கவனி, தயாராகு, வெளியேறு. நம் மண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு மஞ்சள் தொட்டால் பையில் ரேஷன் கார்டு ஏறும், அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் சாதாரண மானியை இளக்காரமாக நினைக்காதீர்கள். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் ஊர்க்காரர்களை வைத்தே இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மழை அளக்கிறது. 2024 ஜூலை 30 விடியுமுன் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் போனதே, அதற்கு முந்தைய நாளே அந்தக் கணக்கை வைத்து எச்சரித்திருந்தார்கள்.

மழையை மட்டும் குற்றம் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். மழை அதிகம்தான். ஆனால் சரிவின் அடியை வெட்டி ரோடு போட்டது, ஓடையை மூடி வீடு கட்டியது, சோலையும் புல்லும் இருந்த இடத்தில் செங்குத்தாகக் காரட் பாத்தி இழுத்தது எல்லாம் நாம்தானே? அந்தத் தண்ணீர்தான் கல்லாறு வழியாக மேட்டுப்பாளையத்துக்கு மண்ணும் கல்லுமாக இறங்குகிறது.

மேல் வீட்டு அண்ணன் தடுப்புச் சுவர் கட்டியபோது தண்ணி வடியக் குழாயே வைக்கவில்லை. என் நோட்டைக் காட்டினேன். "மழைக்கணக்கு எனக்கு எதுக்கும்மா?" என்றார். நாலு லாரிக் கணக்கைச் சொல்லி, வயிறு தள்ளி நின்ற சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தை மாதம் ஆள் வைத்து ஏழு ஓட்டை போட்டு, பைப் சொருகினார்.

ஐந்துக்கு நாலு. அண்ணன் வீட்டுக்கும் ஒன்று ஆர்டர் போட்டாச்சு, இந்தத் தடவை அவர் காசில்.