ராஸ்பெரி பை 4ல் ஓபன்பிஎஸ்டி: கரண்ட் போய் வந்தால்?

என் வீட்டு நெட்வொர்க்கின் டிஎன்எஸ் (தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை) சில வருடங்களாக ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில்தான் ஓடுகிறது. உள்ளே ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம். டிஎன்எஸ்ஸுக்கும் விளம்பரங்களைத் தடுக்கவும் அன்பவுண்ட், வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வயர்கார்ட் என்ற விபிஎன். அதற்கு மேல் எதையும் அதில் ஏற்றவில்லை. அன்பவுண்ட் அடிப்படை அமைப்போடே வருகிறது. வயர்கார்டும் 2020ல் வந்த 6.8 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. தனியாக ஒரு பேக்கேஜ்கூட இறக்காமல் இரண்டு வேலையும் முடிந்தது.

நிறுவுவது சுலபம், ஒரே ஒரு இடத்தைத் தவிர. இமேஜை டிடி கட்டளையால் எஸ்டி அட்டையில் எழுதி, செருகி, எச்டிஎம்ஐ இணைத்தால் நிறுவி வராது. ஓபன்பிஎஸ்டி சீரியல் போர்ட்டைத்தான் கன்சோலாக (எழுத்துகளைக் காட்டி, தட்டுவதை வாங்கும் இடம்) எடுத்துக்கொள்கிறது. பலர் இங்கேயே 'வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வேண்டும், 3.3 வோல்ட் வகை. ஆறாவது பின்னில் கிரவுண்ட், எட்டிலும் பத்திலும் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது). அவற்றைக் குறுக்காக மாற்றி இணைக்க வேண்டும். கேபிளின் சிவப்பு வயரைத் தொடவே கூடாது, அது 5 வோல்ட். வேகம் 115200. எழுத்துகள் ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பெரும்பாலும் என்டர் தட்டுவதுதான் வேலை. பையின் ஈதர்நெட்டை பிஎஸ்இ0 என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வைஃபையும் வேலை செய்கிறது. ப்ளூடூத் கிடையாது, ஆனால் டிஎன்எஸ் பெட்டிக்கு அது எதற்கு?

ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. சிஸ்அப்கிரேட் என்று தட்டிவிட்டு டீ குடித்து வந்தால் புதிய பதிப்பில் நிற்கும். இடையில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு சிஸ்பேட்ச். கூடவே வரும் கையேடான மேன் பக்கங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எந்தச் சந்தேகத்துக்கும் கூகுள் பக்கம் போகத் தேவையிருந்ததில்லை.

என்னை உண்மையில் அசத்தியது கடிகாரம். பை 4ல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது (பை 5ல்தான் அது வந்தது). மின்சாரம் போய்த் திரும்பினால் மணி என்ன என்று அதற்குத் தெரியாது. மணி தெரியாவிட்டால் டிஎன்எஸ் பதில்கள் போலி இல்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களைச் சரிபார்க்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி இருக்கிறதே. சரி, நேர சர்வரிடம் கேட்கலாம் என்றால், அதன் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். அந்த டிஎன்எஸ்ஸோ இதே பெட்டிதான். இந்தச் சிக்கலை ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கடைசியாக டிஸ்க்கில் பதிவான நேரத்தைக் கெர்னல் தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறது. அப்புறம் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிடி என்ற நிரல், பெயரே தேவைப்படாத ஐபி முகவரி ஒன்றுக்கு எச்டிடிபிஎஸ் வழியாகப் போய், அங்கே கிடைக்கும் தேதியை வைத்து நேர சர்வர்கள் சொல்வது நியாயமா என்று பார்த்துக்கொள்கிறது. நான் ஒரு வரிகூட மாற்றவில்லை, எல்லாம் அதன் இயல்பு அமைப்பு. இவ்வளவு அக்கறையோடு எழுதிய மென்பொருளைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

அதனால்தான் அடுத்த விஷயத்தில் இத்தனை கோபம் வருகிறது. அதே மின்தடையில் டிஸ்க் பாதி எழுதிய நிலையில் நின்றுபோனால், அடுத்த பூட்டில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடும். சின்னக் கோளாறென்றால் தானே சரிசெய்துகொண்டு மேலே போகும். கொஞ்சம் பெரிதென்றால், கையால் ஓட்டு என்று ஒரு வரி காட்டிவிட்டு சிங்கிள் யூசர் ஷெல்லில் (கன்சோலில் மட்டுமே கட்டளை வாங்கும் நிலை) போய் உட்கார்ந்துவிடும். நெட்வொர்க் எழுவதற்கு முன்பே இது நடப்பதால் பிங்குக்குக்கூடப் பதில் வராது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

சமீபத்தில் நான் வெளியூரில் இருந்தபோது அதுதான் நடந்தது. அக்கா போன் செய்தாள். "நெட் வரலைடா, ரவுட்டர்ல எல்லா லைட்டும் பச்சையாத்தான் இருக்கு." பையை அணைத்துப் போடச் சொன்னேன், பயனில்லை. வயர்கார்டும் அதே பெட்டியில் இருப்பதால் நான் உள்ளே நுழையவும் வழியில்லை. மூன்று வயரை எந்தப் பின்னில் செருகுவது என்று போனில் சொல்லிக்கொடுக்கிற விஷயமா இது? கடைசியில் அவளுடைய போனில் மட்டும் டிஎன்எஸ்ஸை மாற்றிக் கொடுத்து ஒப்பேற்றினோம். ஊர் திரும்பி சீரியல் கேபிளை மாட்டினால், 'க்ளியர்?', 'சால்வேஜ்?' என்று சில கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். ரீபூட். ஒரு ஃபைலும் போகவில்லை. அந்த ஆம் ஒன்றுக்காக வீடு முழுக்க இணையம் இல்லாமல் கிடந்திருக்கிறது.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கேட்காமல் ஒரு ஃபைலை அழித்துவிடக் கூடாது என்பது நல்ல கொள்கைதான். பக்கத்திலேயே கன்சோல் இருக்கிற சர்வருக்கு அது சரி. ஆனால் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்துவைக்கும் பதிவு) இருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டியின் எஃப்எஃப்எஸ்ஸில் ஜர்னல் இல்லை. டிஸ்க்கில் எழுதும் வரிசையைக் கவனித்துக்கொண்ட சாஃப்ட்டெப்பையும் 2023 அக்டோபரில் வந்த 7.4ல் செயலிழக்க வைத்துவிட்டார்கள்.

முடிந்ததைச் செய்துதான் பார்க்கிறேன். பார்ட்டிஷன்களை நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தை எழுதாமல் விடுவது) போட்டு ஏற்றினேன். தற்காலிக ஃபைல்கள் இருக்கும் /டிஎம்பி நினைவகத்துக்குப் போனது. அட்டையை விட்டு யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறினேன். தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. பூட்டில் ஓடும் /இடிசி/ஆர்சி ஸ்கிரிப்ட்டைத் திருத்தி எல்லாக் கேள்விக்கும் ஆம் சொல்ல வைக்கலாம், ஆனால் அடுத்த சிஸ்அப்கிரேட் அதை அழித்துப் புதிதாக எழுதிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அது மாறுகிற அந்தக் கணத்திலேயே பை ஒரு தடவை அணைந்து எழுகிறது. ரவுட்டருக்கென்று கடையில் கிடைக்கும் சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட். பைக்கு வேண்டியது 5 வோல்ட், 3 ஆம்பியர்.

போன வாரம் ஒரு நண்பர், சும்மா கிடக்கிற தன் பை 4ல் இதைப் போடலாமா என்று கேட்டார். மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வேலை விஷயமாக அடிக்கடி ஊருக்குப் போகிறவர், வீட்டில் வயதான அம்மா மட்டும். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸே போடுங்கள், அன்பவுண்ட் அதிலும் ஓடும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இன்றைக்கு அதைத்தான் செய்வேன்.

என் பெட்டியிலிருந்து ஓபன்பிஎஸ்டியை எடுக்கிற எண்ணம் இல்லை. 5 வோல்ட், 3 ஆம்பியர் தாங்குகிற யூபிஎஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாராவது நிஜமாகவே பை 4ஓடு நாள் கணக்கில் ஓட்டிப் பார்த்திருந்தால் எந்த மாடல் என்று சொல்லுங்கள்.