மிஷின் வேணாம், எக்சர்சைஸுக்கு மட்டும் போங்க (3.5 ஸ்டார்)

ரெண்டு மாசமா இந்த பிசியோ சென்டருக்கு போயிட்டிருக்கேன். எனக்கு ஒரு வருஷமா இடுப்பு வலி, காலுக்கு எறங்கல, எம்ஆர்ஐ-ல எல்4-எல்5 டிஸ்க், அதாவது கீழ்முதுகுல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்க மெத்த, லேசா பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு, ஆபரேஷன்லாம் வேணாம் பிசியோ பாருங்கன்னுட்டாரு டாக்டரு.

மொத நாளே ரிசப்ஷன்ல 10 சிட்டிங் பேக்கேஜ் 4500 ரூவான்னு தலைல கட்டிட்டாங்க. அதுல பாதி நேரம் சும்மா படுத்து கெடக்கறதுதான், வலிக்கற எடத்துல ஒலி அலை குடுக்கற அல்ட்ராசவுண்ட், டென்ஸ்னு ஒரு கரண்ட் பேட், இடுப்ப இழுக்கற டிராக்‌ஷன், போதாததுக்கு பெல்ட் வேற 1200க்கு. படுத்திருக்க வரைக்கும் சொகம், பைக்க எடுத்து ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் ஏறுனா பழையபடி பிடிச்சுக்கும். வீட்ல உக்காந்து தேடுனா, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல விட்ட கைட்லைன்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு இந்த நாலுமே வேணாம்னுதான் போட்டிருக்கு, எக்சர்சைஸ் செய்யுங்கன்றாங்க.

ஆனா உள்ள எக்சர்சைஸ் சொல்லித்தர பொண்ணு, அதுக்கு அஞ்சு ஸ்டாரும் குடுக்கலாம். முதுகெலும்ப ஒட்டியே மல்டிஃபிடஸ்னு ஒரு சதை இருக்காம், ஒவ்வொரு எலும்பையும் பிடிச்சு நிறுத்தறதுல அதுக்கு பெரிய பங்கு, ரொம்ப நாள் வலி இருந்தா பல பேருக்கு அது சுருங்கி நடுவுல கொழுப்பு ஏறிடுது, வலி போனாலும் பல பேருக்கு அது தானா திரும்ப வர்றதில்ல. என் ஸ்கேன் படத்துலயே காட்டுச்சு, கறுப்பா இருக்க வேண்டிய சதைக்குள்ள வெள்ள வெள்ளயா, பிரியாணி மட்டன்ல கொழுப்பு ஓடுன மாதிரி. சதைய பலமாக்கலாம் அண்ணா, ஆனா கொழுப்பு அவ்ளோ சீக்கிரம் போகாதுன்னு உண்மைய சொன்னது பிடிச்சிருந்துச்சு.

குடுத்தது மூணே மூணு, கனடா பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்ற கர்ல் அப் (மல்லாந்து படுத்து தலையும் தோளும் மட்டும் லேசா தூக்கறது), சைடு பிளாங்க் (ஒருக்களிச்சு முழங்கை ஊனி இடுப்ப தூக்கி நிக்கறது), பேர்ட் டாக். 10 செகண்ட் பிடிச்சு 6 தடவ, அப்புறம் 4, அப்புறம் 2. பாக்க சின்னப்புள்ள வெளாட்டு மாதிரி இருக்கும், ஆனா பேர்ட் டாக்ல நாலு கால்ல நின்னு ஒரு கையும் எதிர் காலும் நீட்டுனப்ப நான் ஆடுன ஆட்டம் இருக்கே, பக்கத்துல 70 வயசு அம்மா ஒருத்தங்க அசையாம நிக்கறாங்க. "அண்ணா மூச்ச அடக்காதீங்க"ன்னு அந்த பொண்ணு நூறு தடவயாச்சும் சொல்லியிருக்கும். மூணாவது வாரம் வலி கொறையல, திட்டிட்டே போனேன், ஆறாவது வாரத்துல கேன் தண்ணி தூக்கி வெச்சுட்டு அப்புறமாதான் இடுப்பு வலி ஞாபகமே வந்துச்சு.

பேக்கேஜ் போடாதீங்க, எக்சர்சைஸ் மட்டும்னு அடிச்சு கேட்டா சிட்டிங் 300க்கு தர்றாங்க. சாயந்தரம் கூட்டம், காலைல 7 மணிக்கு போங்க. சென்டர் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது.