நான்காம் வேற்றுமை வழியாக ஜெர்மன்: மூன்று புத்தகங்களோடு நான்கு வருடம்

என் மகள் செவிலியர் படிப்பை முடித்த கையோடு ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று சொன்னது 2021இல். சேலத்திலேயே ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "டேட்டிவ்னு ஒண்ணு சொல்றாங்கப்பா, ஒண்ணுமே புரியல." வகுப்பில் அதை 'இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்' என்று ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவளுக்கு அந்த விளக்கத்துக்கே ஒரு விளக்கம் வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது ஜெர்மனில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் முப்பது வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியிருக்கிறேன். "யாருக்குன்னு கேட்டா பதில் வருதா கண்ணு?" என்றேன். வருகிறது என்றாள். சரி, அப்படியானால் அது கு உருபு, நான்காம் வேற்றுமை. நன்னூல் அதற்குச் சொல்லும் பொருள்களில் முதலில் நிற்பது கொடை. டேட்டிவ் என்ற பெயரும் கொடுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்தபோது, எனக்கு ஒரு நாள் முழுக்கத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து அவளோடு சேர்ந்து நானும் படிக்கிறேன்.

முதலில் வாங்கியது குறுகிய நாளில் ஜெர்மன் கற்றுத் தருவதாகச் சொல்லும் ஒரு மெலிந்த புத்தகம். பெயர் வேண்டாம். ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு ஐப்பசி மழையில் எடுத்துப் போனோம். அந்தப் பனிமூட்டத்தின் ஈரத்தில் ஒட்டு விட்டு, திரும்பி வரும்போது தாள் தாளாகக் கையில் வந்தது. உள்ளே இருந்ததும் அதே தரம்தான், போனது நல்லதாயிற்று.

அப்புறம் வகுப்பில் சொன்ன 'நெட்ஸ்வெர்க்'. ஏ1 என்கிற தொடக்க நிலைக்கு 12 பாடங்கள், படங்கள், கேட்பதற்கு ஒலிப்பதிவு. புத்தகம் முழுக்க ஜெர்மனிலேயே இருக்கும். இலக்கணம் சின்னச் சின்னக் கட்டங்களில் வரும், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சுருக்கப் பக்கம் உண்டு. வாய் திறந்து பேச இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்க்கவில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் நின்று வேற்றுமை காட்டும் சொல்லைப் பார்த்து 'ஏன் இங்கே டேன், அங்கே டேம்?' என்று கேட்கிற ஆளுக்கு அந்தக் கட்டங்கள் போதாது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற ஆட்கள் இரண்டு பேர்.

அதனால்தான் 'ஹாமர்'. 1971இல் ஹாமர் எழுதி, பின்னால் மார்ட்டின் டரல் திருத்தி விரித்த ஜெர்மன் இலக்கணம். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் கனம். இதை வரிசையாகப் படிக்க முயன்று ஐம்பதாம் பக்கத்தில் நான் கைவிட்டேன். அது அகராதி மாதிரி, சந்தேகம் வரும்போது பிரிக்க வேண்டியது. நான்காம் வேற்றுமை கேட்கும் வினைகளைத் தொகுத்துக் கொடுத்திருக்கும் பகுதி ஒன்றே போட்ட காசுக்குச் சரியாகிவிட்டது. அந்தப் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் தமிழ் உருபுகளை எழுதிக்கொண்டே போனேன். ஹெல்ஃபென், 'எனக்கு' உதவு: பொருந்துகிறது. டாங்கென், 'உனக்கு' நன்றி: பொருந்துகிறது. கிளௌபென் என்றால் நம்புவது. நாம் 'உன்னை' நம்புகிறேன் என்போம், அவர்கள் 'உனக்கு' நம்புகிறார்கள். பின்தொடர்வதற்கும் அப்படியே, 'அவனுக்கு'ப் பின்தொடர்கிறார்கள். பொருந்தாதவற்றுக்குச் சிவப்பு மையில் சுழி போட்டேன். மனப்பாடம் செய்ய வேண்டியது அந்தச் சுழிகளை மட்டும்தான். பாதிச் சுமை இறங்கிவிட்டது.

ஹாமர் ஆங்கிலம் பேசுகிறவர்களை நினைத்து எழுதியது. அவர்களுக்குக் கஷ்டமான இடத்தில் அது நிதானமாக நடக்கும், நாம் அங்கே ஓடிவிடலாம். 'மீர் இஸ்ட் கல்ட்' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'நான்' குளிராக இருக்கிறேன் என்று சொல்லிவிடக் கூடாது என்று ஆங்கிலேயருக்கு எச்சரிக்கை வேண்டும். நமக்கு வேறு மாதிரி சொல்லவே வராது. 'மீர் டூட் டேர் கொப்ஃப் வே', எனக்குத் தலை வலிக்கிறது. நோயாளி பேசும் இந்த வாக்கியங்கள்தான் மகளுக்குத் தினமும் தேவைப்படப் போகின்றன. ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது 'மீர் இஸ்ட் ஷ்லெஹ்ட்' என்பதை அவளுக்குச் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை, பத்தாவது வளைவில் தானாகவே சொன்னாள். எனக்குக் குமட்டுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு இடம் பெயரெச்சம். 'டாஸ் கெஸ்டர்ன் கெகௌஃப்டெ பூஹ்' என்றால் சொல்லுக்குச் சொல் 'நேற்று வாங்கிய புத்தகம்'. பெயருக்கு முன்னால் இப்படி நீளமாக அடுக்குவதை ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் மேல்நிலைப் பாடமாகப் பயந்து பயந்து படிக்கிறார்கள். அக்கா வீட்டில் எழுத்து வாசனை குறைந்த சமையல்கார அம்மா வாய் திறந்தால் இந்த அமைப்புதான் வருகிறது. 1716இல், தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. லத்தீன் வழியாக நம் வேற்றுமைகளைப் புரிந்துகொள்ள அவர் பட்ட பாட்டை நினைத்தால், நாங்கள் முந்நூறு வருடம் கழித்து அதே பாலத்தில் எதிர்த்திசையில் நடப்பது போல இருந்தது.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பள்ளிக்குப் போகிறேன் என்பதில் கு இருக்கிறதே என்று நம்பி மகள் டேட்டிவ் போட்டாள். 'இன்' என்ற சொல்லோடு வந்தால், போவதற்கு இரண்டாம் வேற்றுமை, 'இன் டீ ஷூலெ'. உள்ளே இருப்பதற்குத்தான் டேட்டிவ், 'இன் டேர் ஷூலெ'. நம் கணக்குக்கு நேர் தலைகீழ். 'ட்சூ' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் எப்போதும் டேட்டிவ், தப்பித்தோம். அதுபோல எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதை அவர்கள் 'நான் இரண்டு பிள்ளைகளை உடையேன்' என்கிற மாதிரிதான் சொல்வார்கள். இதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் தடுமாறினோம்.

பெயருக்கு முன்னால் நின்று அதன் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் விஷயத்தில் நன்னூலும் கைவிட்டுவிடும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை. எந்தப் புத்தகமும் இதற்குக் காரணம் சொல்லாது. உங், ஹைட், கைட் என்று முடிந்தால் பெண்பால் என்பது போன்ற சில விதிகள் மட்டும் கை கொடுக்கும். மேட்ஷென், அதாவது சிறுமி, ஏன் அஃறிணை என்று மகள் கோபப்பட்டாள். ஷென் என்று முடியும் செல்லச் சொற்கள் எல்லாமே அப்படித்தான். "நம்மூர்ல புள்ள தூங்குதுன்னுதானே சொல்றோம்" என்றேன். சமாதானம் ஆனாளா தெரியாது, மறக்கவில்லை.

மூன்றாவது புத்தகம் டிரையரும் ஷ்மிட்டும் எழுதிய பயிற்சி நூல். முழுக்க ஜெர்மனிலேயே இருக்கும் பதிப்பை வாங்கினோம், ஆங்கில விளக்கத்தோடும் ஒரு பதிப்பு உண்டு. விடைகள் தனிப் புத்தகம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் பயிற்சி செய்துவிட்டு, சரியா தப்பா என்று பார்க்க ஆள் இல்லாமல் இருவரும் சண்டை போட்டதுதான் மிச்சம். வாங்கினால் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஏ1 முடிக்காமல் இதைத் தொட வேண்டாம், மிரண்டுவிடுவீர்கள்.

இதன் அருமை இடைநிலையான பி1 தேர்வில்தான் தெரிந்தது. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, 60 வந்தால் தேர்ச்சி. மகளுக்கு எழுதுதலில் மட்டும் போய்விட்டது. வினையை எங்கே வைப்பது என்பதுதான் கோளாறு. 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினை கடைசிக்குப் போகும், அது நமக்கு இயல்பு. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும், அங்கேதான் தமிழ் நாக்கு சறுக்குகிறது. நைட் டூட்டி முடித்து வந்து தினம் ஒரு பயிற்சி, இரண்டு மாதம். பகுதிகளைத் தனித்தனியாக எழுதலாம் என்பதால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதித் தேறினாள்.

இப்போது பி2வுக்குப் படிக்கிறாள், செவிலியர் வேலைக்குப் பெரும்பாலும் அந்த நிலையைக் கேட்கிறார்கள். ஹாமரை அவள் எடுத்துப் போகப் போவதில்லை, கனம் என்கிறாள், எனக்கும் அதில்தான் சந்தோஷம். டிரையர்–ஷ்மிட்டை அக்கா பேத்தி கேட்டிருக்கிறாள். ஒரு வாரமாகத் திண்ணையில் உட்கார்ந்து பென்சில் விடைகளை ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் அழுத்தி எழுதுகிறவள், தடம் போக மாட்டேன் என்கிறது.