ரெனினை ஆட்டுவிப்பது யார்? மூன்று மூலக்கூறுகளும் அப்பத்தாவின் முட்டிவலியும்

காரைக்குடி வீட்டில் அப்பத்தாவுக்கு முட்டிவலி. பிரஷருக்கு ஏற்கெனவே எனலாப்ரில் எடுத்துக்கொள்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரையை ஒரு வாரம் போட்டார். வலி இறங்கியது, பிரஷர் ஏறியது. "மோர்மிளகாயைத் தொடக்கூட இல்லையேப்பா" என்று சத்தியம் செய்தார். இந்த முறை உப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்தமனியின் சுவரில்தான் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. முயலின் சிறுநீரகத்தில் இப்படியொரு பொருள் இருப்பதை 1898இலேயே ஸ்வீடனில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் கண்டுவிட்டார்கள். ரெனின் கிளம்பினால் ஆஞ்சியோடென்சின், அதன் பின்னால் ஆல்டோஸ்டிரோன் என்று ஹார்மோன்களின் ஒரு சங்கிலி ஓடும். நாளம் சுருங்கும், உப்பு உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும். அந்தச் செல்களுக்குச் சேதி அனுப்புவதில் ரத்தநாளத்தின் உள்படலத்துக்கும் பங்கு உண்டு. அதன் தூதர்கள் மூவரில் ரெனினை அதிகம் ஆட்டுவிப்பது யார் என்று பார்ப்போம்: எண்டோதீலின், நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின்.

எண்டோதீலினைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1988இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது, 21 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும். கணையத்தில் கால்சியம் ஏறினால் இன்சுலின் வெளியே வரும். ரெனின் செல்லில் எல்லாம் தலைகீழ்: கால்சியம் ஏறினால் கதவு சாத்திக்கொள்ளும். ஆக, இது பிரேக்.

நைட்ரிக் ஆக்சைடு கொஞ்சம் குழப்பமான ஆள். சில விநாடிகளே வாழும் வாயு. 1998 மருத்துவ நோபல் பரிசு இதற்காகத்தான். செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறுதான் ரெனின் பெட்டகத்தின் சாவி. அந்தச் சாவியை உடைக்கும் நொதியை நைட்ரிக் ஆக்சைடு தடுக்கிறது, அதனால் ரெனின் கூடும். இன்னொரு வழியில் அதுவே ரெனினை அடக்கவும் செய்யும். பெரும்பாலும் முதல் வழிதான் ஜெயிக்கிறது என்றாலும், பெட்டகத்தைத் திறப்பவர் என்பதைவிட, திறக்க வந்தவருக்கு விளக்குப் பிடிப்பவர் என்றே இதைச் சொல்வேன்.

என் ஓட்டு புரோஸ்டாகிளாண்டினுக்கு. அதன் ஈ2 வகையும், அதே குடும்பத்துப் புரோஸ்டாசைக்ளினும் சைக்ளிக் ஏஎம்பியை நேரடியாகவே ஏற்றுகின்றன. ரெனின் வெளியே வருகிறது. நாளப் படலம் மட்டுமல்ல, பக்கத்தில் உப்பளவை உளவு பார்க்கும் மாக்குலா டென்சா செல்களும் இதைத் தயாரிக்கின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் கை வைப்பது இந்தத் தயாரிப்பில்தான்.

சரி, அப்படியானால் ரெனின் குறைந்து பிரஷர் இறங்கியிருக்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல். நாளத்தை விரிப்பதும் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுவதும்கூட புரோஸ்டாகிளாண்டின் பார்க்கும் வேலைகள். அது போனால் உப்பும் நீரும் தேங்கிப் பிரஷர் ஏறும். எனலாப்ரில் பிடித்து நிறுத்துவதோ ரெனின் சங்கிலியை. பிரஷர் வேறு பாதையில் ஏறும்போது அதன் பிடி தளர்ந்துவிடுகிறது.

டாக்டர் வலிமாத்திரையை நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினோடு பொட்டாசியத்தையும் ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். காரணம் அதே சங்கிலி: ரெனின் இறங்கினால் ஆல்டோஸ்டிரோன் இறங்கும், பொட்டாசியம் வெளியேறாமல் தங்கும். எனலாப்ரிலும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. நல்லவேளை, இரண்டும் அளவோடு இருந்தன. அப்புறம் முட்டிக்குத் தைலமும் வெந்நீர் ஒத்தடமும்தான். மோர்மிளகாய் டப்பா மட்டும் எப்படிக் குறைகிறது என்று தெரியவில்லை.