ஆலயத்துக்கு ஒரு பேஸ் கிட்டார்: அண்ணா சாலையில் தேடி வாங்கிய அனுபவம்

பெரம்பூரில் உள்ள எங்கள் ஆலயத்தின் இளைஞர் இசைக்குழுவுக்குப் பேஸ் கிட்டார் (தாழ்ந்த ஒலி தரும் தடித்த கம்பிக் கிட்டார்), ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி), பெடல் (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் பெட்டி) ஆகியவற்றைப் புதிதாக வாங்கித் தரும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. கையில் இருந்த தொகை 60,000 ரூபாய். அதில் பெரும்பகுதி டிசம்பர் இரவுகளில் பிள்ளைகள் கேரல் ரவுண்ட்ஸ் போய் வீடு வீடாகப் பாடிச் சேர்த்த காணிக்கை. ஆகவே ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கடைக்குள் நுழைந்தேன். முடிவில் கிட்டாருக்குச் செலவிட்டதைவிட ஆம்புக்கு அதிகமாகச் செலவிட்டேன். கமிட்டியில் இருந்த பெரியவர்கள் சிலருக்கு இது வியப்பாக இருந்தது. அவர்களுக்குச் சொன்ன காரணங்களையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வாசிக்கப்போவது பதினேழு வயதுப் பெண். இதுவரை அவள் பழகியது, முதல் கம்பியின் ட்யூனிங் சாவி சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு பழைய கிட்டாரில். ஞாயிறு ஆராதனையில் அவளுடைய கிட்டார், எல்லா ஒலிகளையும் கலக்கும் ஆலயத்தின் மிக்சருக்குப் போகும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலோ சிறிய அறையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களையும் மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் எடைபோட்டேன். வீட்டில் தனியாகப் பழகுபவருக்கு என் முடிவு அப்படியே பொருந்தாது.

கடைகளைப் பற்றி முதலில் ஒரு சொல். 1842 முதல் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் இருப்பதாலோ என்னவோ, இசைக்கருவி என்றதும் சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலைதான் நினைவுக்கு வருகிறது. நானும் அந்தச் சாலையிலும் அதன் சுற்றுப்புறத்திலுமாகச் சில கடைகளில் நான்கு சனிக்கிழமைகளைக் கழித்தேன். இணையத்தில் விலை சற்றுக் குறைவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் செய்யப்பட்ட இரண்டு கிட்டார்களின் கழுத்துகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, மரம் அப்படிப்பட்டது. ஒரு கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பணம் கட்டச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்னொரு கடையில், பட்டறையில் இருந்த பெரியவர் நான் கேட்காமலேயே அளவுகோலை எடுத்துக் கம்பியின் உயரத்தை அளந்து காட்டினார். அந்தக் கடையில்தான் வாங்கினேன்.

இந்த விலை வட்டத்தில் நான் ஒப்பிட்டுப் பார்த்தவை நான்கு: ஸ்குவயர் அஃபினிட்டி பிஜே, யமஹா டிஆர்பிஎக்ஸ்174, இபனேஸ் ஜிஎஸ்ஆர்200, கோர்ட் ஆக்‌ஷன் பிஜே. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். நான்குமே கழுத்துப் பக்கம் பிரசிஷன் வகைப் பிக்கப்பும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கம் ஜாஸ் வகைப் பிக்கப்பும் கொண்டவை. பிஜே என்ற எழுத்துகளின் பொருளும் அதுதான். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அந்தப் பெயரை வைத்தது, ஃப்ரெட் (வீணையின் மெட்டுப் போன்ற உலோகப் பட்டை) இருப்பதால் சுருதி துல்லியமாக நிற்கும் என்பதைச் சொல்லத்தான். 1957இல் அதன் பிக்கப் இரண்டாகப் பிளக்கப்பட்டு, இரு பாதிகளும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று நீக்கும்படி அமைக்கப்பட்டது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. அதிலுள்ள ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் திறந்துவைத்தால் இரைச்சல் கேட்கும்.

இந்தச் சரித்திரம் எங்கள் ஆலயத்தில் நேரடியாகப் பயன்பட்டது. அங்கே ஒரே சுவரில் பன்னிரண்டு மின்விசிறி ரெகுலேட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. விசிறியைப் பாதி வேகத்தில் வைத்தால் ஒற்றைச் சுருள் பிக்கப் உறுமத் தொடங்கிவிடும். இரண்டாகப் பிளந்த பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்தால் அந்த உறுமல் அடங்கிவிடுகிறது. சென்னை வெயிலில் விசிறியை நிறுத்தச் சொல்லி ஒரு சபையைக் கேட்க முடியாது. எனவே பிரசிஷன் வகைப் பிக்கப் உள்ள கிட்டார்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

அடுத்து, கிட்டாருக்குள்ளேயே பேட்டரியால் இயங்கி, ஆம்புக்குப் போகும் முன்பே ஒலியைச் சீர்செய்யும் ப்ரீஆம்ப் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஜிஎஸ்ஆர்200இல் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் ஒரு குமிழ் இருக்கிறது. அதற்கு 9 வோல்ட் பேட்டரி தேவை. யமஹாவிலேயே ஒரு படி மேலான டிஆர்பிஎக்ஸ்304இல் ஐந்து நிலைகள் கொண்ட ஒலித்தேர்வு சுவிட்ச் உண்டு. கேட்பதற்கு அது மிக அழகாக இருந்தது, என் மனமும் அதன் பக்கம் சாய்ந்தது. ஆனால் இப்படிப்பட்ட கிட்டார்களில் கேபிளைச் சொருகியிருக்கும் நேரம் முழுவதும் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். பல பேர் கை படும் ஆலயத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்து யாரோ கேபிளைப் பிடுங்க மறந்தால், அடுத்த ஞாயிறு முதல் பாட்டிலேயே ஒலி கரகரத்து மங்கும். பேட்டரி இல்லாத கிட்டாரில் அந்தக் கவலை இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவராக இருந்தால் டிஆர்பிஎக்ஸ்304ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஐந்து கம்பி வேண்டும் என்று கீபோர்டு வாசிக்கும் தம்பி வற்புறுத்தினார். அவர் பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றி ட்ரான்ஸ்போஸ் செய்பவர், ஆசைப்பட்டதில் தவறில்லை. ஆனால் நான்கு கம்பிக் கிட்டாரின் கீழ்க்கம்பி, அதாவது மிகத் தாழ்ந்த ஒலி தரும் தடித்த கம்பி, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். நாங்கள் வாங்கக்கூடிய ஆம்பில் அந்த ஆழம் ஒழுங்காகக் கேட்காது, கழுத்தும் அகலமாகிவிடும். தேவைப்படும் பாட்டுக்குக் கீழ்க்கம்பியை ஒரு சுரம் தளர்த்தி டி சுருதிக்குக் கொண்டுவரலாம் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

நான்கு கிட்டார்களையும் ஒரே முறையில் சோதித்தேன். முதலில் ஆம்பே இல்லாமல், கம்பிக்குக் கம்பி, ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் வாசித்தேன். மிக மெல்லிய முதல் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் முதல் ஏழாவது வரையுள்ள இடத்தை மட்டும் பலமுறை அழுத்திக் கேட்டேன். பேஸ் கிட்டார்களில் அந்த இடத்தில் ஒலி பட்டென்று செத்துப்போவது அடிக்கடி காணப்படும் குறை. நான் எடுத்தவற்றில் ஒன்றில் அது இருந்தது. பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பிய ஹார்மோனிக் என்ற மெல்லிய ஒலியையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிட்டேன்; இரண்டும் ஒத்திருக்க வேண்டும். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக இழுத்து, ஃப்ரெட்டின் நுனி குத்துகிறதா என்று பார்த்தேன். கடைசியாக வாரை மாட்டி நின்று இரு கைகளையும் விட்டேன். தலைப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தால், இரண்டு மணி நேர ஆராதனையில் இடது கை கிட்டாரைத் தாங்குவதிலேயே ஓய்ந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு, அது நம் காதுகளுக்கே உரியது. இளையராஜாவின் இசையில் சசிதரன் வாசித்த பேஸையும், ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேஸ் தாளத்துக்கு முட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது, பாட வேண்டும் என்பது நமக்கு இயல்பான எதிர்பார்ப்பு. எனவே கீழ்க்கம்பியில் முழங்கிவிட்டு மேல்கம்பியில் மெலிந்துபோகும் கிட்டார் எங்கள் பாடல்களுக்கு ஆகாது. ஒரே சுரவரிசையைக் கீழ்க்கம்பியில் தொடங்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டையும் தாண்டிப் போய்த் திரும்பும்படி ஒவ்வொன்றிலும் வாசித்தேன்.

அந்தப் பெண்ணையும் மூன்றாவது சனிக்கிழமை அழைத்துப்போனேன். அவள் யமஹாவை மடியில் வைத்துக்கொண்ட பிறகு மற்ற மூன்றையும் கேட்கவே இல்லை. “இதுல கை வலிக்கல அங்கிள்” என்றாள். என் கணிப்பும் அதுவாகவே இருந்தது. இருபத்து நான்கு ஃப்ரெட், பேட்டரி இல்லை, இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம், ஒரே ஒரு டோன் குமிழ். மேல்கம்பியின் சுரங்களும் கனம் குறையாமல் வந்தன. ஸ்குவயரின் ஒலியில் பழைய பிரசிஷன் சாயல் இன்னும் தெளிவாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய திரைப்பாடல்களை வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் சேர்பவர் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். சன்னமான கழுத்து வேண்டுவோருக்கு இபனேஸ். கோர்ட், கொடுக்கும் காசுக்கு நேர்மையான கருவி.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை செட்டப். பட்டறைப் பெரியவர் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்தார். பிறகு பதினேழாவது ஃப்ரெட்டுக்கு மேல் கீழ்க்கம்பி ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி பிரிட்ஜை இறக்கினார். அரை மணி நேர வேலைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வாசித்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு கிட்டார்கள் என்றே தோன்றும். செட்டப் செய்யப்பட்ட மலிவான கிட்டார், செட்டப் செய்யப்படாத விலையுயர்ந்த கிட்டாரைவிடக் கைக்கு இதமானது என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது ஆம்ப். இங்கேதான் பலரும் சிக்கனம் பார்த்துப் பணத்தை வீணாக்குகிறார்கள். எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்புகள், அதாவது ஆரஞ்ச் கிரஷ் பேஸ் 25, ஆம்பெக் பிஏ-108, ஃபெண்டர் ரம்பிள் 25 போன்றவை, படுக்கையறைக்கு அருமையானவை. ஆரஞ்சில் ட்யூனரும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் 41 ஹெர்ட்ஸ் ஒலியை உண்மையான கனத்தோடு எழுப்ப ஒரு ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். எட்டு அங்குலத்தால் அது முடியாது. அதன் இரட்டிப்பான 82, மும்மடங்கான 123 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டு, அடியில் இருக்கும் சுரத்தை நம் மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. அமைதியான அறையில் இந்த ஏற்பாடு போதும். டிரம்ஸ் தொடங்கியதும் போதாது.

வாட் எண்ணிக்கையும் ஏமாற்றும். சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்று டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 25 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போவதால் மட்டும் பெரிய மாற்றம் வராது. ரம்பிள் 40ஐ நான் தேர்ந்தெடுத்தது அதன் பத்து அங்குல ஸ்பீக்கருக்காகவும், பின்புறமுள்ள எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் கேபிள்) வெளியீட்டுக்காகவும்தான். ரம்பிள் 25இல் அந்த வெளியீடு இல்லை. பேஸ் கிட்டாரை நீண்ட சாதாரணக் கேபிளில் நேராக மிக்சருக்கு இழுத்தால், பிக்கப்பின் மின்தடை காரணமாக மேல்ஒலி மங்கி இரைச்சல் ஏறும். எக்ஸ்எல்ஆர் வழியாக அனுப்பினால் எத்தனை மீட்டர் இழுத்தாலும் ஒலி தெளிவாகப் போய்ச் சேரும். மேடையில் இருக்கும் ஆம்ப், வாசிப்பவரின் காதுக்கு மட்டும் வேலை செய்தால் போதும். கல்யாண மண்டபங்களில் சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிய பெட்டிகளைக் கொண்டுவரும் நம் ஊரில், 100 வாட் ஆம்பைச் சுமந்துபோவதைவிட இந்த ஒரு வெளியீடு அதிகம் பயன்படுகிறது. திறந்த வெளியில் மைக் செட் இல்லாமல் வாசிப்பவர் மட்டும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ரம்பிள் 100ஐப் பார்க்கலாம்.

ஆம்பே வாங்க முடியாதவருக்கும் வழி உண்டு. பெரிங்கர் பிடிஐ21 என்ற சிறிய ப்ரீஆம்ப் பெட்டி, மிக்சருக்குப் போகும் ஒலியை அழகாகச் செப்பனிட்டுத் தருகிறது. உடல் பிளாஸ்டிக் என்பதால் காலால் அழுத்தும்போது நிதானம் தேவை. வீட்டில் ஹெட்போன், ஆலயத்தில் இந்தப் பெட்டி என்று முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: சாதாரண எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்பில் பேஸைச் சொருகி ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கரின் கூம்பு கிழிய வாய்ப்புண்டு.

பெடலைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூம் பி1 ஃபோர் ஒன்றை மட்டும் வாங்கினேன். கம்ப்ரெசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), கோரஸ் (பல கருவிகள் சேர்ந்தாற்போல் ஒலிக்கச் செய்வது), ட்யூனர், லூப்பர் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிப்பது), பழகுவதற்கான தாளங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. நான்கு பென்சில் பேட்டரியிலும் ஓடும். தனித்தனிப் பெடல்களின் ஒலி இன்னும் உயிரோட்டமானது என்பதை மறுக்கவில்லை. ஓவர்டிரைவ் பெடலான பாஸ் ஓடிபி-3இல், கிட்டாரின் சுத்தமான ஒலியைக் கலந்துகொள்ள ஒரு குமிழ் இருக்கிறது. அது இருப்பதால்தான் ஓவர்டிரைவ் போட்டாலும் அடிஒலி காணாமல் போவதில்லை. ஆனால் தொடங்குபவருக்குக் கம்ப்ரெசர் எதைச் செய்கிறது, கோரஸ் எப்போது மிகையாகிறது என்பதைக் காதால் கற்றுக்கொள்வதே முதல் தேவை. அதற்கு இந்தப் பெட்டி போதுமானது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் அடாப்டர் வாங்குபவர்கள், 9 வோல்ட் என்பதோடு நடு முனை நெகட்டிவா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். அங்கேயே நல்ல ஜாக்குகளை வாங்கி இரண்டு கேபிள்களைப் பற்றவைத்துக்கொண்டேன். கடையில் பொட்டலமாகக் கிடைப்பவற்றைவிட அவை உறுதியாக இருக்கின்றன.

ஆறு மாதங்கள் ஆகின்றன. கிட்டாரோடு வந்த கம்பிகள், இந்த ஊரின் வியர்வையிலும் உப்புக்காற்றிலும் இரண்டு மாதத்தில் மங்கிவிட்டன. டி’அடாரியோ இஎக்ஸ்எல்170 மாட்டினோம். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்க அவளைப் பழக்கியிருக்கிறேன். ஐப்பசி மழையில் கழுத்து சற்று வளைந்து, இரண்டு ஃப்ரெட்களில் கம்பி உரசியது. அண்ணா சாலைக்குக் கொண்டுபோனோம். பட்டறைப் பெரியவர் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருகிவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். தொகையில் மீந்த சில நூறு ரூபாயில், இன்றைக்குக் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்கும் நிலை போக, ஒரு ஸ்டாண்ட் வாங்க வேண்டியிருக்கிறது.