பெயர் மாற்றமா, பதிவு மாற்றமா: பழைய கார் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் பழைய கார் கைமாறும்போது, 'ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) மாத்தியாச்சா?' என்ற ஒரே கேள்வியில் இரண்டு தனித்தனி வேலைகளை அடக்கிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒன்று, வண்டி யாருடையது என்பதை மாற்றும் பெயர் மாற்றம். மற்றொன்று, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதிய எண் வாங்கும் பதிவு மாற்றம். முன்னது பொறுப்பைப் பற்றியது. பின்னது பெரும்பாலும் வரியையும் இருப்பிடத்தையும் பற்றியது. எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது என்ற தெளிவும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் பெயர் மாற்றம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கான தாள்கள் 29, 30 எண் படிவங்கள். வண்டியின் எண் மாறுவதில்லை. டிஎன் 38 என்று கோவையில் பதிவான காரை ஈரோட்டுக்காரர் வாங்கினாலும் அதே எண்ணோடு ஓட்டலாம். கட்டிய ஆயுள் வரியும் வண்டியோடு தொடரும்.

வேலை எளிது என்பதாலேயே இதை அலட்சியம் செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் திருப்பூரில் ஒரு காரை விற்றேன். வாங்கியவர் தெரிந்தவர் என்பதால் கையொப்பமிட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று விசாரிக்காமல் இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, நான் போயே இராத ஊர்களிலிருந்து அபராதச் செய்திகள் என் கைபேசிக்கு வரத் தொடங்கின. அபராதத்தோடு போனது என் நல்ல காலம் என்றே நினைக்கிறேன். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உறுதி செய்தது. விற்றுப் பணம் வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டோம் என்பது அங்கே எடுபடவில்லை.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் நடத்துபவரிடம் வண்டியை ஒப்படைப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. அங்கீகாரச் சான்று பெற்ற வியாபாரியாக இருந்து, வண்டி ஒப்படைக்கப்பட்டதை முறைப்படி இணையத்தில் அறிவித்தால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே வியாபாரியிடம் விலை பேசும் முன்பே அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

பதிவு மாற்றம் இதைவிட நீண்ட வழி. பெங்களூரில் வேலை பார்த்த மகன் சொந்தக் காரோடு கோவைக்கே திரும்பிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் மாறவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்கிறது 47ஆவது பிரிவு. அதற்கு முன் கர்நாடக அலுவலகத்தில் 28ஆம் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். நிலுவை வரியும் அபராதமும் தீர்ந்திருக்க வேண்டும். கடன் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதமும் தேவை. பிறகு இங்கே 27ஆம் படிவத்தோடு வண்டியை நேரில் காட்டி, அதன் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும். அந்த 12 மாதம் எண்ணுக்கான கெடு மட்டுமே. வரி மாநிலச் சட்டத்தின் கீழ் வருவதால், அதற்கும் ஓராண்டு அவகாசம் உண்டென்று நம்பி இருந்துவிடக் கூடாது.

செலவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. பெயர் மாற்றத்துக்குக் கட்டணம் சிறியது. பதிவு மாற்றத்தில் கனமானது வரி. பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியின் மிச்சத்தை அங்கே தனியாக விண்ணப்பித்துத்தான் கேட்க வேண்டும். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டில் விலை குறைவு என்று கார் பார்க்கப் போகிறவர்கள், இந்த வரியையும் அலையும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பொள்ளாச்சியிலேயே சற்றுக் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் வண்டி லாபமாக இருக்கக்கூடும்.

வெளிமாநில வண்டியைத்தான் வாங்குவது என்று முடிவானால் இரண்டு வேலைகளும் ஒன்றாக வரும். அப்போது விற்பவர் பெயரிலேயே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பெயரையும் எண்ணையும் சேர்த்து மாற்றுவதே என் பரிந்துரை. சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். விற்பவரும் புதிய ஆர்சியின் நகலை வாங்கிப் பார்க்கும்வரை, ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையொப்பமிட்ட தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எண் மாறியதும் காப்பீட்டிலும் ஃபாஸ்டேக்கிலும் அதைத் திருத்த வேண்டும். எண் மாறாத பெயர் மாற்றத்திலும் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.